டர்பன் டிசம்பருக்கு எந்தக் கிறிஸ்துமஸ் பிரெட்? நட்சத்திரம், பின்னல், எஸ் பன், ஸ்டோலன்: ஓர் ஒப்பீட்டு அலசல்

கிறிஸ்துமஸுக்கென்று உருவம் கொடுத்துச் சுடப்படும் பிரெட் வகைகளில் பெயர் பெற்றவை பெரும்பாலும் குளிர்நாடுகளில் பிறந்தவை. அந்த ஊர்ச் சமையலறைகளில் டிசம்பர் மாதத்தில் வெண்ணெய் இறுகி நிற்கும். மாவு மெல்ல உப்பும். பின்னிய பின்னல் பின்னியபடியே கிடக்கும். தென்னாப்பிரிக்காவின் டர்பனிலோ டிசம்பர் கோடைகாலம். பகல் வெப்பம் சராசரியாக 27 டிகிரியை ஒட்டி இருந்தாலும், கடற்காற்றின் ஈரமும் ஓவனின் சூடும் சேர்ந்தால் இங்குள்ள சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் போன்ற புறநகர்களில் உள்ள ஒரு சிறிய சமையலறை முற்பகலிலேயே 30 டிகிரியைத் தாண்டிவிடும். ஆகவே இந்த அலசலில் அழகை இரண்டாவது இடத்தில் வைத்து, எந்த உருவம் இந்த வெப்பத்திலும் குலையாமல் ஓவனுக்குள் போகும் என்பதை முதல் கேள்வியாக எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொரு கேள்வியும் இங்கே தவிர்க்க முடியாதது. தீபாவளிக்குப் பலகாரத் தட்டு வந்த வீடுகளுக்குக் கிறிஸ்துமஸுக்குத் தட்டு திரும்பிப் போக வேண்டும். அந்த வீடுகளில் முட்டை தொடாதவர்கள் இருப்பார்கள். உருவம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், முட்டை இல்லாமல் செய்ய முடியாத பிரெட்டும், துண்டு போட்டால் உருவம் காணாமல் போகிற பிரெட்டும் தட்டுக்கு உதவாது.

மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உருவங்களுக்குப் போகலாம். நம் கடைகளில் கேக் மாவு, வெள்ளை பிரெட் மாவு என்று இரண்டு பைகள் அருகருகே இருக்கும். பலர் வழக்கத்தில் கேக் மாவையே எடுத்துவிடுகிறார்கள். பின்னவும் முறுக்கவும் வேண்டிய மாவுக்குப் புரதம் கூடுதலாக உள்ள பிரெட் மாவே ஏற்றது. இல்லாவிட்டால் இழுக்கும்போது அறுந்துபோகும். இங்கே ஒப்பிடுவதில் ஸ்டோலன் நீங்கலாக மற்ற மூன்றுக்கும் ஒரே அடிப்படைக் கலவையை வைத்துக்கொள்கிறேன்: பிரெட் மாவு 500 கிராம், பால் 275 மில்லி, வெண்ணெய் 75 கிராம், சர்க்கரை 60 கிராம், உப்பு 8 கிராம், உடனடி ஈஸ்ட் 10 கிராம் பொட்டலம் ஒன்று. பாலைக் காய்ச்சி வெதுவெதுப்பாக ஊற்றச் சொல்லும் குறிப்புகள் குளிர்நாட்டுக்காரர்களுக்கு எழுதப்பட்டவை. டர்பனில் பாலைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த குளிர்ச்சியோடு ஊற்றினாலும், பிசைந்து முடிக்கும்போது மாவு வேண்டிய 25, 26 டிகிரிக்குத் தானாக வந்துவிடும்.

இணையப் படங்களில் இப்போது முதலிடம் நட்சத்திர பிரெட்டுக்குத்தான். மாவை நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றையும் சுமார் 230 கிராம் எடையுள்ள, 25 சென்டிமீட்டர் அகலமான வட்டமாகத் தேய்த்து, ஒவ்வொரு வட்டத்துக்கும் இடையில் பூரணம் தடவி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். நடுவில் ஒரு தேநீர்க் குவளையைக் கவிழ்த்து அடையாளம் வைத்து, அந்த அடையாளத்திலிருந்து ஓரம் வரை பதினாறு வெட்டுகள் போட வேண்டும். பிறகு பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளை இரண்டிரண்டாகக் கையில் பிடித்து, வலக்கைத் துண்டை வலப்புறமும் இடக்கைத் துண்டை இடப்புறமுமாக இருமுறை திருப்பி, நுனிகளைச் சேர்த்துக் கிள்ளி அடியில் மடித்துவிட்டால் எட்டு முனை கொண்ட நட்சத்திரம் கிடைக்கும். பார்ப்பதற்குக் கடினமாகத் தோன்றும் இந்த வேலை உண்மையில் நான்கு உருவங்களில் எளிதானவற்றுள் ஒன்று. சப்பாத்தி தேய்க்கத் தெரிந்த கைக்கு வட்டம் சிக்கலில்லை, பதினாறு வெட்டுக்குக் கத்தி இருந்தால் போதும்.

சிக்கல் வெப்பத்தில் வருகிறது. வெண்ணெயும் சர்க்கரையும் குழைத்துத் தடவிய பூரணம் 30 டிகிரியில் இளகி, வெட்டிய பக்கங்களின் வழியே வழியத் தொடங்கும். அப்போது துண்டுகளைத் திருப்பினால் அடுக்குகள் வழுக்கும்; நுனிகள் எண்ணெய்ப் பசையால் ஒட்டாது; ஓவனில் விரிந்து, நட்சத்திரம் சூரியகாந்தியாக மாறிவிடும். இதற்கு இரண்டு மாற்று உண்டு. ஒன்று, அடுக்கிய வட்டங்களை வெட்டுவதற்கு முன் அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைப்பது. அதற்கு அந்தத் தட்டு நுழையும் அளவுக்குக் கிறிஸ்துமஸ் வாரத்துக் குளிர்பெட்டியில் இடம் இருக்க வேண்டும் என்பது வேறு விஷயம். மற்றது, உலர்ந்த பூரணத்தைத் தேர்ந்தெடுப்பது. ஜாம் வழியும், சாக்லேட் பசை உருகும். ஆனால் தேங்காய்ப் போளிக்குக் கிளறுவது போல ஈரம் வற்றக் கிளறி, ஏலக்காய் போட்டு ஆறவைத்த தேங்காய்ப் பூரணம் மெல்லிய படலமாகத் தடவினால் அசையாமல் நிற்கும். தடிமனாக வைக்கும் ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ள வேண்டும். அடியில் உள்ள வட்டம் தெரியும் அளவுக்கே பூரணம் போதும்.

190 டிகிரியில் இருபது நிமிடத்துக்குள் வெந்துவிடுவது இதன் பெரிய நன்மை. முட்டைக்குப் பதில் பால் பூசினால் போதும் என்பதால் தட்டுக்கும் தடையில்லை என்று தோன்றும். ஆனால் நட்சத்திரத்தைப் பிரித்தால் அது நட்சத்திரம் இல்லை. ஒரு முனையைக் கிள்ளித் தட்டில் வைத்தால் பெறுபவருக்கு அது முறுக்கிய பன்தான். முழுதாக மேசையில் வைத்து, ஆலயத்திலிருந்து வந்த குடும்பம் சுற்றி நின்று பிய்த்துச் சாப்பிடும் வீட்டுக்கு இதைவிடச் சிறந்தது இல்லை. மெல்லிய முனைகள் சீக்கிரம் உலர்வதால் மறுநாளுக்கு வைக்கத் தகாது.

பின்னல் வகையில் மூன்று கால் பின்னலை வளையமாக வளைத்து மாலை போலச் செய்வது எல்லாருக்கும் தெரிந்த வழி. அதில் அலசுவதற்கு அதிகம் இல்லை. செக் நாட்டின் வானோச்சுக்காதான் இந்தக் கலையின் உச்சம். ஒன்பது கால்கள், மூன்று அடுக்குகள்: அடியில் நான்கு கால் பின்னல், அதன்மேல் மூன்று கால் பின்னல், உச்சியில் இரண்டு கால்களை முறுக்கிய திரி. சடை பின்னத் தெரிந்தவர்களுக்கு நான்கு கால் பின்னல் புதிதல்ல. ஆனால் தலைமுடி உப்புவதில்லை, மாவு உப்பும். மேலடுக்கு உப்பும்போது ஒரு பக்கம் சாயும், சாய்ந்தால் சுட்ட பிறகு நிமிர்த்த வழியில்லை. அதற்காக அடிப் பின்னலின் நடுவே உள்ளங்கையின் ஓரத்தால் நீளவாக்கில் ஒரு பள்ளம் அழுத்தி, அதில் அடுத்த பின்னலை உட்கார வைத்து, இரண்டு ஓரங்களிலும் நடுவிலும் மரக்குச்சிகளைச் செங்குத்தாகச் செருகிவிடுகிறார்கள். சுட்டு ஆறிய பின் குச்சியை உருவ வேண்டும். இதைச் செய்யும்போது பேசக்கூடாது, மாவு உப்பும்போது குதிக்க வேண்டும் என்றெல்லாம் பழைய நம்பிக்கைகள் அங்கே உண்டு. பேசாமல் இருப்பதன் நியாயம் ஒன்பது கால்களைக் கையாளும்போது புரிகிறது. குதிப்பதன் நியாயம் எனக்குப் புரியவில்லை.

டர்பன் வெப்பத்தில் இதன் நிலை பரிதாபமானது. ஒன்பது கால்களை ஒரே தடிமனில் உருட்டிப் பின்னி முடிக்கும்போது முதலில் உருட்டிய கால் ஏற்கெனவே உப்பத் தொடங்கியிருக்கும். மாவைக் கெட்டியாகப் பிசைந்து, இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் வைத்து, காலை ஆறு மணிக்கு முன் பின்னினால் ஒப்பேற்றலாம். 180 டிகிரியில் முக்கால் மணி நேரம் ஓவன் எரிய வேண்டும்; மேற்புறம் கருகாமல் இருக்கப் பாதியில் அலுமினியத் தாள் மூட வேண்டும். பொன்னிறப் பளபளப்புக்கும் வாசனைக்கும் முட்டை மஞ்சள்கரு தேவைப்படுவதால் அண்டை வீட்டுத் தட்டுக்கும் இது சரிவராது. ஆனால் சுவையில் குறை சொல்ல முடியாது; குறுக்கே வெட்டிய துண்டு மறுநாள் வாட்டி வெண்ணெய் தடவுவதற்கு நட்சத்திரத்தைவிடப் பலமடங்கு மேல்.

சுவீடனின் லூசியா பன்களில் உருவம் சின்னது. டிசம்பர் 13, புனித லூசியாள் திருநாளுக்காகச் செய்யப்படும் இந்தக் குங்குமப்பூ பன்னை, 70 கிராம் மாவை ஒரு சாண் நீளத்துக்கு மேல் உருட்டி, இரு நுனிகளையும் எதிரெதிர்த் திசையில் சுருட்டி, எஸ் எழுத்தின் வடிவில் வைத்து, ஒவ்வொரு சுருளின் நடுவிலும் ஓர் உலர் திராட்சையை ஆழ அழுத்துவார்கள். நம் கலவையில் பதின்மூன்று பன் வரும். வெப்பத்தை வெல்வது இதன் அளவுதான்: ஒன்று சற்றே கோணினாலும் மற்றப் பன்னிரண்டும் நன்றாக இருக்கும், இரண்டு தட்டுகளாகப் பிரித்து, ஒரு தட்டைக் குளிர்பெட்டியில் காக்கவைத்து அடுத்ததாகச் சுடலாம், 220 டிகிரியில் பத்து நிமிடத்துக்குள் வெந்துவிடும் என்பதால் சமையலறையும் அதிகம் கொதிக்காது. மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2023ஆம் ஆண்டைப் போன்ற ஆண்டுகளில், முக்கால் மணி நேரம் தொடர்ந்து ஓவன் வேண்டும் பிரெட்டுக்கும் பத்து நிமிட பன்னுக்கும் உள்ள வித்தியாசம் சின்னதல்ல.

குங்குமப்பூவுக்குச் செலவாகும். அரை கிலோ மாவுக்கு அரை கிராம் போதும். அதைச் சிறிது சர்க்கரையோடு உரலில் பொடித்து, வெதுவெதுப்பான இரண்டு மேசைக்கரண்டிப் பாலில் அரை மணி நேரம் ஊறவிட்டால் நிறமும் மணமும் முழுதாக இறங்கும். விக்டோரியா தெருச் சந்தையில் மசாலா வாங்கிப் பழகியவர்கள் இழையை முகர்ந்து பார்த்து வாங்குவார்கள். செலவுக்கு அஞ்சி மஞ்சள்தூள் போடுபவர்களும் உண்டு. நிறம் வரும், கூடவே குழம்பு வாசனையும் வரும். ஏலக்காய் சேர்க்கலாமா என்பதில் சுவீடனுக்காரர்களிடம் கருத்து வேறுபாடு இருக்கலாம். கேசரி சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்பதே என் கட்சி.

முட்டை இங்கே மேற்பூச்சுக்கு மட்டுமே. பால் பூசினால் பளபளப்பு சற்றுக் குறையும், அவ்வளவுதான். குறை ஒன்று உண்டு: குங்குமப்பூ பன் சீக்கிரம் உலரும். பாலில் 75 மில்லியைக் குறைத்து, அதற்குப் பதில் 100 கிராம் கெட்டித் தயிர் சேர்த்தால் மறுநாள் வரை மிருதுவாக இருக்கும். எண்ணி எடுத்து வைக்க முடிவதாலும், ஒற்றைப் பன்னிலேயே உருவம் முழுமையாக இருப்பதாலும், தட்டுக்குப் போட்டியே இல்லாமல் இதுதான்.

ஸ்டோலன் வேறு இனம். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்துப் பண்டம். துணிகளில் சுற்றி முன்னணையில் கிடத்திய குழந்தை இயேசுவின் உருவம் என்று சொல்வார்கள். மாவை நீள்வட்டமாகத் தட்டி, நடுவிலிருந்து சற்று விலக்கி உருட்டுக்கட்டையால் அழுத்தி, ஒரு பக்கத்தை மறுபக்கத்தின்மேல் உதடு தெரிய மடிப்பதோடு உருவ வேலை முடிந்தது. ஒரு காலத்தில் இது வறண்ட பண்டமாக இருந்தது, ஏனென்றால் கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆயத்த நாட்கள் நோன்புக் காலம், வெண்ணெய் விலக்கு. டிரெஸ்டன் அடங்கிய சாக்சனிப் பகுதிக்காரர்கள் எண்ணெயில் செய்து சலித்து, போப்பிடம் மன்றாடி, 1491இல் எட்டாம் இன்னசென்ட் வெண்ணெய்க்கு அனுமதி தந்தார். புரட்டாசி விரதம் இருப்பவர்களுக்கு அந்த மன்றாட்டின் ஆழம் விளங்கும். இன்று டிரெஸ்டன் விதிப்படி 100 கிலோ மாவுக்குக் குறைந்தது 50 கிலோ வெண்ணெய் சேர வேண்டும்.

இவ்வளவு வெண்ணெய் சேர்ந்த மாவு நம் வெயிலில் குழம்பாகிவிடும் என்று அஞ்சத் தோன்றும். அதிகாலையில் பிசைந்தால் அவ்வாறு ஆவதில்லை. திராட்சையும் பாதாமும் சர்க்கரையில் ஊறிய ஆரஞ்சுத் தோலும் அடர்ந்த இந்த மாவு அதிகம் உப்புவதே இல்லை. குலைவதற்கு நுணுக்கமான உருவமும் இல்லை. முட்டை இல்லாமல் செய்வது பழைய வழக்கத்துக்கு ஒத்ததே. ரம் வேண்டாத வீடுகளுக்குத் திராட்சையை ஆரஞ்சுச் சாற்றில் ஊறவைக்கலாம். ஆனால் 175 டிகிரியில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் வேகும். வெந்ததும் மேலே கருகிய திராட்சைகளைப் பொறுக்கி எறிந்துவிட்டு, சூட்டோடு உருக்கிய வெண்ணெயை இரண்டு முறை பூசி, சர்க்கரை தூவ வேண்டும். டர்பன் ஈரத்தில் மாச்சர்க்கரை (ஐசிங் சர்க்கரை) ஒரே இரவில் கசிந்து பசையாகும். ஆகவே முதலில் பொடிமணிச் சர்க்கரையை (காஸ்டர் சர்க்கரை) மட்டும் தூவி, இறுக்கிச் சுற்றி வைத்து, மாச்சர்க்கரையைப் பரிமாறும் நாளில் சலிப்பதே சரி. குளிர்நாட்டில் நிலவறையில் வாரக்கணக்கில் வைப்பார்கள். இங்கே துண்டு போட்டு உறைபெட்டியில் வைப்பது பாதுகாப்பு.

இத்தாலியின் பனெட்டோனேயை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை. அதற்கு உருவம் தருவது காகித அச்சு, கை அல்ல. புளித்த தாய்மாவை நாட்கணக்கில் பேணி, சுட்டதும் தலைகீழாகத் தொங்கவிட்டு ஆறவைக்கும் அந்தப் பண்டத்தைக் கடையில் வாங்குவதே விவேகம். மாவு உருண்டைகளை அடுக்கிச் செய்யும் கிறிஸ்துமஸ் மரம் விடுமுறையில் வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு நல்ல பொழுதுபோக்கு, பிரெட்டாக அதில் சொல்ல ஒன்றுமில்லை.

எனவே ஒரே வீட்டில் ஒன்றுதான் என்றால் எஸ் பன். 23ஆம் தேதி இரவு பிசைந்து குளிர்பெட்டியில் வைத்து, 24ஆம் தேதி காலை சுட்டால் தட்டுகள் அன்று மாலைக்குள் போய்ச் சேரும். இரண்டு செய்யும் தெம்பு இருந்தால் ஸ்டோலனை டிசம்பர் முதல் வாரத்திலேயே முடித்துவிடலாம், கடைசி வாரத்து நெருக்கடியில் அது தலையிடாது. நட்சத்திரம், விருந்தினர் வரும் நேரம் உறுதியாகத் தெரிந்த வீட்டுக்கு. ஒன்பது கால் பின்னலைக் கற்க விரும்புபவர்கள் டிசம்பரை விட்டுவிட்டு ஜூலையில் தொடங்கலாம். அப்போது டர்பனில் இரவு வெப்பம் 11, 12 டிகிரிக்கு இறங்கும், காலை எட்டு மணிக்குக்கூட வெண்ணெய் கத்திக்கு மசியாது, குச்சி செருகாமலேயே மூன்றடுக்கும் ஓரளவு நேராக நிற்கும்.