11 வருஷமாக ஒரு டாடா 207: என்னைப் படுத்தியது சக்கரம்தான்

2009 மாடல் டாடா 207 லோடு வண்டி. 2014-இல் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். சென்னை மடிப்பாக்கத்தைச் சுற்றித் தண்ணீர் கேன் போடும் வேலை. 20 லிட்டர் கேன் 50 ஏற்றினாலே தண்ணீர் மட்டும் ஒரு டன். அந்தப் பாரத்தோடு தெருத் தெருவாக நின்று நின்று போக வேண்டும்.

இன்ஜினைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நேரத்துக்கு ஆயிலும் ஃபில்டரும் மாற்றினால் அது பாட்டுக்கு ஓடுகிறது. என்னை அலைய விட்டதெல்லாம் சக்கரம்தான். அதிலும் பாதி நானே இழுத்துக்கொண்டது.

எட்டு வயது தாண்டிய லோடு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று) காட்ட வேண்டும். எஃப்சி என்றாலே நம் ஊரில் முதல் வேலை பெயின்ட்தானே. ஒரு தடவை பெயின்ட் அடித்த இடத்தில் ரிம்மைக் கழற்றி, உள்பக்கம், நட்டு உட்காரும் குழி என்று ஒன்று விடாமல் மூன்று கோட் போட்டுவிட்டார்கள். பார்க்கப் புது ரிம் மாதிரி இருந்தது. நான் சந்தோஷத்தில் கூட 200 ரூபாய் கொடுத்துவிட்டு வந்தேன்.

நாலாம் நாள் பள்ளிக்கரணைப் பக்கம் போகும்போது இடது பின்சக்கரத்தில் 'டக் டக்' என்று சத்தம். டயரில் கல் மாட்டியிருக்கும் என்று நினைத்துப் பங்சர் கடையில் ஓரம் கட்டினேன். கடைப்பையன் குனிந்து பார்த்துவிட்டு, "அண்ணே, நட்டு அழுவுது பாருங்க" என்றான். ஒவ்வொரு நட்டைச் சுற்றியும் வெற்றிலை எச்சில் வழிந்தது போலத் துருக்கோடு. இரண்டு நட்டு கையாலேயே சுழன்றது. சக்கரத்தைக் கழற்றினால் ரிம்மின் ஸ்டட் (நட்டு ஏறும் போல்ட்) ஓட்டைகளில் இரண்டு முட்டை வடிவத்துக்கு வந்திருந்தன.

அவன் நட்டுக் குழியை ஸ்குரூ டிரைவரால் சுரண்டிக் காட்டினான். பெயின்ட் தோல் தோலாக உரிந்தது. நட்டை என்னதான் இறுக்கினாலும், லோடு ஏறி ஓடும்போது அந்தப் பெயின்ட் நசுங்கி மெலிந்துபோகிறது. நட்டு இருந்த இடத்திலேயேதான் இருக்கும், பிடிமானம் போய்விடும். அப்புறம் ரிம் ஆட ஆட ஓட்டை தேயும். ஓட்டை போன ரிம்மை வெல்டிங் வைத்து ஓட்டலாம் என்று இன்னொருவர் சொன்னார். நான் கேட்கவில்லை. சில காசு மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் அது.

ரிம்முக்குப் புதுப்பேட்டை பழைய சாமான் சந்தைக்குப் போனேன். அங்கே கிடைக்காத சாமான் இல்லை, ஆனால் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். முதலில் எடுத்த ரிம்மில் ஓட்டையெல்லாம் சரியாகப் பொருந்தியது. மாட்டினால் டயர் உள்ளே தள்ளி ஸ்பிரிங் பட்டையில் உரசியது. பழைய ரிம்மையே கையோடு எடுத்துப்போய்ப் பக்கத்தில் வைத்து ஆழம் பார்த்திருந்தால் ஒரு நாள் மிச்சமாகியிருக்கும். டயரும் அப்படித்தான். தரையில் படும் கட்டை தேயாமல் நன்றாக இருக்கிறதே என்று மயங்காமல் பக்கச் சுவரில் நாலு இலக்க எண்ணைப் பாருங்கள். 2316 என்றால் 2016-இன் 23-ஆவது வாரம் செய்தது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளம். குடிக்கத் தண்ணீர் கேட்டுப் போன் வந்துகொண்டே இருந்ததால் முட்டளவு தண்ணீரில் ஓட்டினேன். சூடான ஹப் (பேரிங் உட்காரும் சக்கரத்தின் நடுக்குடம்) தண்ணீரில் சட்டென்று குளிர்ந்தால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், தேய்ந்த ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். இரண்டு வாரம் கழித்து முன்சக்கரம் 'ம்ம்ம்' என்று முனகியது. திறந்தால் கிரீஸ் மோர் ஊற்றிப் பிசைந்தது போல வெளுத்திருந்தது, பேரிங் உருளைகளில் துருப்புள்ளி. பேரிங்கை வெளி வளையத்தோடு மாற்றினேன். உள் வளையத்தையும் உருளையையும் மட்டும் மாற்றினால் புதுசும் சீக்கிரம் போய்விடும். இப்போதெல்லாம் வெள்ளத்தில் இறங்கினால் அந்த வாரமே ஹப்பைப் பிரித்துவிடுகிறேன்.

மற்றபடி, ரிம் குழியிலும் பிரேக் டிரம்மோடு ஒட்டும் முகத்திலும் பெயின்ட் இல்லாமல் சுரண்டி வைக்கிறேன். நட்டை வரிசையாக இல்லாமல் எதிரெதிராக இறுக்குகிறேன். எந்தச் சக்கரம் கழற்றி மாட்டினாலும் 50 கிலோமீட்டர் ஓடியதும் ஸ்பேனர் போட்டுப் பார்க்கிறேன். நட்டிலிருந்து ரிம் வரை மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு இழுத்திருக்கிறேன். நட்டு நகர்ந்தால் கோடு முறியும். காலையில் கேன் ஏற்றும்போதே ஒரு பார்வையில் தெரிந்துவிடும். போன எஃப்சிக்குப் பெயின்ட் அடித்தவர், "இதென்ன அசிங்கமா கோடு" என்று அதையும் அழித்து வைத்திருந்தார். வீட்டுக்கு வந்ததும் மறுபடி இழுத்தேன்.