கலிஃபோர்னியாவில் புதிதாக அசோசியேட் ஆன கவுன்சலர்கள் கவனத்துக்கு: "சூப்பர்விஷன் இலவசம்" என்று கூப்பிடும் இடங்கள்

கவுன்சலிங்கில் மாஸ்டர்ஸ் முடித்து, ஏ.பி.சி.சி. நம்பர் (முழு லைசென்ஸ் வாங்கும்வரை சூப்பர்வைசரின் கீழ் அசோசியேட்டாக வேலை பார்ப்பதற்கான பதிவு எண்) வந்து, கலிஃபோர்னியாவில் வேலை தேடிக்கொண்டிருக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடுங்கள். நான் வேலை பார்த்த, பல கவுன்சலர்கள் சேர்ந்து இயங்கும் குரூப் பிராக்டிஸின் பெயரைச் சொல்லப்போவதில்லை, புகார் கொடுத்திருக்கிறேன், அது நடந்துகொண்டிருக்கிறது. அங்கே நடந்ததைச் சொன்னாலே அந்த மாதிரி இடங்களை உங்களால் அடையாளம் கண்டுகொள்ள முடியும்.

இன்டர்வியூவில் எல்லாம் இனிக்க இனிக்கத்தான் பேசினார்கள். தமிழ் பேசும் கவுன்சலர் கிடைப்பதே அரிது, க்ளையன்ட்டுகளை நாங்களே தருகிறோம், சூப்பர்விஷனுக்கு (லைசென்ஸ் உள்ள ஒருவர் எங்கள் வேலையை வாராவாரம் மேற்பார்ப்பதற்கு) ஒரு பைசா வேண்டாம், இரண்டே வருடத்தில் லைசென்ஸுக்கு வேண்டிய 3,000 மணி நேரத்தையும் முடித்துவிடலாம் என்றார் உரிமையாளர். அவரேதான் சூப்பர்வைசரும். கடைசியில் போகிறபோக்கில் ஒன்று சொன்னார்: இங்கே அசோசியேட் எல்லோருக்கும் 1099தான் (ஒப்பந்தக்காரருக்கான வரிப் படிவம்), டபிள்யூ-2 (ஊழியருக்கான வரிப் படிவம்) கிடையாது, எல்லா இடத்திலும் இதுதான் வழக்கம்.

அது சுத்தப் பொய். கலிஃபோர்னியா சட்டப்படி அசோசியேட்டை ஊழியராகவோ தன்னார்வலராகவோ மட்டும்தான் வைத்துக்கொள்ள முடியும், ஒப்பந்தக்காரராக வைக்கவே கூடாது. அப்படிச் சேர்த்த மணி நேரத்தை லைசென்ஸுக்குக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். பல வருடம் லைசென்ஸ் வைத்திருக்கிற, அடுத்தவருக்கு சூப்பர்விஷன் கொடுக்கிற ஒருவருக்கு இது தெரியாமல் இருக்காது. 1099 என்றால் ஊழியருக்காக முதலாளி கட்ட வேண்டிய பேரோல் வரி அவருக்கு மிச்சம், க்ளையன்ட் வராத நேரத்துக்குச் சம்பளம் கொடுக்க வேண்டாம். அதற்கு விலையாகப் போனது எங்கள் மணி நேரம்.

பிறகு சூப்பர்விஷன். 3,000 மணி நேரத்தில் குறைந்தது 1,750 நேரடியாக க்ளையன்ட்டோடு இருக்க வேண்டும், சூப்பர்விஷன் 104 வாரமாவது நடந்திருக்க வேண்டும், அதில் 52 வாரமாவது ஒரு அசோசியேட் தனியாகவோ இரண்டு அசோசியேட்டாகவோ சூப்பர்வைசரோடு உட்கார்ந்து பேசியதாக இருக்க வேண்டும். ஒரு வாரத்தில் தனி சூப்பர்விஷன் என்றால் ஒரு மணி நேரம், குரூப் என்றால் இரண்டு மணி நேரம், க்ளையன்ட் நேரம் பத்து மணியைத் தாண்டினால் இன்னொரு மடங்கு. குரூப்பில் எட்டுப் பேருக்கு மேல் கூடாது. எங்கள் ஜூம் திரையில் எப்போதும் அதைவிட அதிக முகங்கள். பேசியதெல்லாம் பில்லிங், பாக்கி இருக்கும் நோட்ஸ், எத்தனை க்ளையன்ட் நின்றுபோனார்கள் என்பதுதான், ஒரு கேஸை எடுத்து உருப்படியாகப் பத்து நிமிடம் பேசியதாக நினைவில்லை. தனி சூப்பர்விஷன் நேரத்தை அவர் ரத்து செய்துகொண்டே இருப்பார், "அடுத்த வாரம் சேர்த்துப் பார்த்துக்கலாம்" என்பார். அடுத்த வாரம் சேர்த்துப் பார்ப்பது என்று ஒன்று கிடையாது. அந்த வாரத்து மணி நேரத்துக்கு அந்த வாரமே சூப்பர்விஷன் நடந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அந்த வாரம் போனதுதான்.

இதையெல்லாம்கூட ஒருநாள் மறந்துவிடுவேன். ஒரு மாலை, ஒரு க்ளையன்ட் உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது என்றார், சும்மா சொல்லவில்லை, எப்படி என்றும் யோசித்து வைத்திருந்தார். சூப்பர்வைசரைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மெசேஜ் போட்டேன், பதில் இல்லை. நெருக்கடியில் சூப்பர்வைசரையோ அவருக்குப் பதிலாக இருப்பவரையோ எப்படித் தொடர்புகொள்வது என்று முன்கூட்டியே சொல்லித் தர வேண்டியது அவருடைய கடமை, அங்கே அப்படி ஒரு ஏற்பாடே இல்லை. 988 நெருக்கடி உதவி எண்ணையும் க்ளையன்ட்டின் குடும்பத்தையும் வைத்து எப்படியோ அந்த இரவைக் கடத்தினோம், அவர் நலமாக இருக்கிறார். இரண்டு நாள் கழித்து சூப்பர்வைசரிடமிருந்து வந்தது ஒரு தம்ஸ்-அப். சூப்பர்விஷன் என்று ஒன்றை சட்டத்தில் வைத்திருப்பதே இப்படிப்பட்ட இரவுக்காகத்தான். எங்கள் மூவாயிரம் மணி நேரம் அப்புறம்தான்.

நடுவில் கூட வேலை பார்த்த ஒருவர் வரிக் கணக்கு எழுதுபவரிடம் போய்க் கேட்க, விஷயம் வெளியே வந்து, ஒரே மாதத்தில் எல்லோரையும் டபிள்யூ-2க்கு மாற்றினார்கள். அதற்கு முன்னால் உழைத்தது அத்தனையும் வீண். சரி, இனிமேலாவது ஒழுங்காக இருக்கும் என்றால் சம்பளத்தில் அறை வாடகை என்று பிடிக்க ஆரம்பித்தார்கள். அதுவும் தப்பு, அசோசியேட் தன் முதலாளிக்கு வாடகையோ பொருள் செலவோ கொடுக்கக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. வேலையை விடுகிறேன் என்று சொன்னதும் என் மணி நேரத்தை உறுதிசெய்யும் எக்ஸ்பீரியன்ஸ் வெரிஃபிகேஷன் படிவத்தில் கையெழுத்துப் போட மறுத்தார். "பயிற்சிச் செலவை" நான் திருப்பிக் கொடுத்தால் யோசிப்பாராம்.

இந்த இடத்தில்தான் பலரும் பயந்து பணத்தைக் கட்டிவிடுகிறார்கள், அதனால் கவனமாகப் படியுங்கள். இனி கையெழுத்துப் போட மாட்டேன் என்றால் சூப்பர்வைசர் குறைந்தது ஒரு வாரம் முன்பே எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லையா, முறையாக சூப்பர்விஷன் நடந்த மணி நேரத்துக்கு அவர் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும். இந்த விதியை எடுத்து எழுதி, லைசென்ஸ் கொடுக்கும் பிஹேவியரல் சயின்சஸ் போர்டுக்குப் புகாரும் போட்ட பிறகுதான் டபிள்யூ-2 காலத்தில் ஒரு பகுதிக்குக் கையெழுத்து வந்தது. 1099 காலத்துச் சம்பளப் பாக்கி பற்றிய புகார் லேபர் கமிஷனரிடம் இருக்கிறது.

வேலைக்குச் சேரும் முன் சூப்பர்வைசரின் பெயரை மாநில லைசென்ஸ் தேடல் பக்கத்தில் போட்டுப் பாருங்கள், லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா, ஏதாவது நடவடிக்கை உண்டா என்று அங்கேயே தெரியும். கடந்த ஐந்து வருடத்தில் இரண்டு வருடமாவது லைசென்ஸோடு இருந்திருக்க வேண்டும், சூப்பர்வைசர் பயிற்சியும் எடுத்திருக்க வேண்டும். சூப்பர்விஷன் ஒப்பந்தம் 60 நாளுக்குள் கையெழுத்தாக வேண்டும், நான் முதல் நாளே கேட்பேன், இழுத்தடிக்கிற இடம் பிற்பாடும் இழுத்தடிக்கும். ஓ.பி.டி.யில் (மாணவர் விசாவில் படித்தவர்கள் படிப்புக்குப் பின் வேலை பார்க்கும் அனுமதி) இருப்பவர்களுக்கு வேலையில்லாமல் 90 நாள்தான் அவகாசம் என்பது இந்த உரிமையாளர்களுக்கு நன்றாகவே தெரியும், அந்த அவசரத்தை வைத்துத்தான் 1099ஐத் தலையில் கட்டுகிறார்கள்.

ஏற்கெனவே அப்படி ஓரிடத்தில் இருக்கிறீர்கள் என்றால், ராஜினாமா பற்றி வாயைத் திறக்கும் முன் மணி நேரத்தைக் குறித்துவைக்கும் வாராந்தர லாக் எல்லாவற்றிலும் கையெழுத்து வாங்கி, அசலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பே-ஸ்டப், சூப்பர்விஷன் ரத்தான மெசேஜ்கள் எல்லாவற்றையும் க்ளையன்ட் விவரம் எதுவும் இல்லாமல் தனியாகச் சேமித்துவிடுங்கள். நான் ராஜினாமா அனுப்பிய அன்றே ஆபீஸ் ஈமெயிலை முடக்கிவிட்டார்கள்.