பொங்கல் விடுமுறையில் ஒரு ஊதா மூடிக் குழாய்

இந்த முறை ஊருக்குப் போனது பொங்கலுக்காக. கரும்பு, கோலம், காவிரிக் கரை என்று எழுத நினைத்தவள்தான். ஐந்து வாரத்தில் பாதி, லேபுக்கும் மருந்துக் கடைக்கும் நடந்தே போய்விட்டதால் அதைத்தான் எழுத வருகிறது. வீட்டில் சிறுநீரக மாற்று செய்துகொண்டவர் இருந்து, விடுமுறையில் போய்ப் பார்த்துக்கொள்ளும் வெளிநாட்டு அக்கா, அண்ணன்களுக்கு இது உதவலாம்.

தம்பிக்கு ஆகஸ்டில் திருச்சியில் மாற்று அறுவை நடந்தது. கொடுத்தது அம்மா. எனக்கு அப்போது விடுப்புக் கிடைக்கவில்லை. டொராண்டோவில் ஒரு மருத்துவமனை லேபில், வைரஸ் பிரிவில், பதினான்கு வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். ஊரிலிருந்து ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்புவார்கள், நான் பார்த்துச் சொல்வேன், அவ்வளவுதான்.

உறையூர் வீட்டில் இறங்கிய மூன்றாம் நாளே அவனுக்கு மாலை நேரக் காய்ச்சல். 99, 100, அதற்கு மேல் ஏறவில்லை. வயிற்றுப்போக்கு. தெருமுனைக் கிளினிக்கில் "வைரல் ஃபீவர்" என்று ஒரு ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுத்தார்கள். மாற்றுச் சிறுநீரகம் உள்ளவன் என்று சொன்ன பிறகும் ஒரு ரத்த எண்ணிக்கை பார்க்கச் சொல்லவில்லை. நாங்களே பார்த்தோம். வெள்ளையணு 2,800, குறைவு. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

சைட்டோமெகலோ வைரஸ், சுருக்கமாகச் சி.எம்.வி. ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ். நம்மூரில் பெரியவர்களில் பெரும்பாலோர் உடம்பில் இது சின்ன வயதிலேயே குடியேறிவிடும். எச்சில், தாய்ப்பால், சிறுநீர் என்று வழிகள் பல. வந்ததே தெரியாது, வந்த பிறகு போகவும் போகாது, ஓரமாகத் தூங்கும். உறுப்பு மாற்றியவர்களுக்கு எதிர்ப்பாற்றலை அடக்கி வைக்கும்போது எழுந்து உட்கார்ந்துகொள்ளும். தம்பிக்கு ஆரம்பத்தில் எதிர்ப்பாற்றலைப் பலமாக அடக்கும் ஏ.டி.ஜி. ஊசி போட்டிருந்தார்கள். அதைப் போட்டவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். அதனால் சி.எம்.வி.யை அடக்கும் வால்கான்சிக்ளோவிர் மாத்திரையை மூன்று மாதம் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். நிறுத்தி இரண்டு மாதத்தில் காய்ச்சல். இந்தத் துறையில் இருப்பவர்களுக்குப் பழகிய கணக்கு இது.

மருத்துவமனையின் டிரான்ஸ்பிளான்ட் கோ-ஆர்டினேட்டரைக் கூப்பிட்டேன். திங்கட்கிழமை இரவு ஒன்பதரை மணி. இரண்டாவது ரிங்கிலேயே எடுத்தார். "மேடம், அந்த ஆன்டிபயாட்டிக்கை நிறுத்துங்க, காலைல கூட்டிட்டு வாங்க, பி.சி.ஆருக்கு ரத்தம் எடுத்துடலாம்." ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று பார்க்கும் பரிசோதனை அது. டொராண்டோவில் இதே நேரத்துக்குக் கூப்பிட்டிருந்தால் முதலில் ஒரு பதிவு செய்த குரல் எனக்கு இசை போட்டுக் காட்டியிருக்கும். பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுகிறேன்.

மறுநாள் உடம்பை அசைக்கவே முடியவில்லை என்று அவன் படுத்துவிட, ரத்தம் எடுக்க வீட்டுக்கே ஒரு பையன் வந்தான். புதன்கிழமை காலை, போகி வேறு, தெருவெல்லாம் புகை. ஒரே குத்தில் நரம்பைப் பிடித்தான், நல்ல கை. ஊதா மூடிக் குழாயில் எடுத்து, மேலும் கீழுமாக நிதானமாகக் கவிழ்த்தான். அதுவும் சரி. அப்புறம் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"தம்பி, ஐஸ் பெட்டி?"

"பெட்டி வண்டில இருக்கு மேடம், ஐஸ்தான் இல்ல. இன்னும் எட்டு வீடு இருக்கு, முடிச்சிட்டு லேபுக்குப் போயிடுவேன்."

இந்தப் பரிசோதனைக்கு ஐஸ் இல்லாவிட்டால்கூடக் குடி முழுகிவிடாது. ஒரு நாளுக்குள் சுழற்றி, ரத்தத்தின் நீர்ப் பகுதியான பிளாஸ்மாவைப் பிரித்துவிட வேண்டும், அதுதான் முக்கியம். எட்டு வீடு என்றால் மதியம். போகி அன்று மதியம் லேபில் யார் இருப்பார்கள் என்று அவனுக்கே தெரியவில்லை. பக்கத்து வீட்டு மாமாவின் ஸ்கூட்டரை வாங்கிக்கொண்டு, குழாயையும் வாங்கிக்கொண்டு, தில்லை நகர் லேபுக்கு நானே போனேன். சென்ட்ரிஃபியூஜ் சுற்றி நிற்கும்வரை அங்கேயே நின்றேன். அங்கிருந்த பெண் என்னைப் பைத்தியம் என்றுதான் நினைத்திருப்பாள்.

பரிசோதனை நடப்பது சென்னையில். பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் என்று கூரியருக்கு வரிசையாக விடுமுறை. முடிவு வர ஆறு நாள் ஆனது.

இதை வெறும் எரிச்சலாக மட்டும் சொல்லவில்லை. சி.எம்.வி.யைத் தடுக்க இரண்டு வழிகள் உண்டு. எல்லோருக்கும் சில மாதம் மாத்திரை கொடுத்துவிடுவது ஒன்று. மாத்திரை கொடுக்காமல் வாரா வாரம் ரத்தத்தில் வைரஸைத் தேடி, தென்பட்ட உடனே மருந்தை ஆரம்பிப்பது இன்னொன்று. 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கல்லீரல் மாற்றிய 205 பேரில் வாரா வாரம் பார்க்கப்பட்டவர்களில் 9 சதவீதம் பேருக்குத்தான் நோய் வந்தது. மாத்திரைக் குழுவில் 19 சதவீதம். படித்தபோது 'ஆகா, பார்த்துக்கொண்டே இருப்பதுதான் சிறந்தது' என்று நானும் சொன்னேன். உறையூரிலிருந்து சென்னைக்கு ஒரு குழாய் ஆறு நாள் பயணம் போவதைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. அந்த 9 சதவீதம் வர வேண்டுமென்றால் கூரியரும் நேரத்துக்கு ஓட வேண்டும்.

டாக்டர் நல்ல வேளையாக முடிவுக்குக் காத்திருக்கவில்லை. பொங்கலன்றே சேர்த்துக்கொண்டு, அந்த மாத்திரையின் உறவுக்கார மருந்தான கான்சிக்ளோவிரை டிரிப்பில் ஏற்ற ஆரம்பித்துவிட்டார். பன்னிரண்டு மணிக்கு ஒரு தடவை, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். "மாத்திரையே போதாதா டாக்டர்?" என்று கேட்டேன். 2007இல் வந்த ஆய்வு மனதில் இருந்தது. 321 உறுப்பு மாற்று நோயாளிகளிடம் டிரிப்பையும் மாத்திரையையும் ஒப்பிட்டு, மாத்திரை சளைத்ததல்ல என்று காட்டியது. அவர் சிரித்துக்கொண்டே, "வயிறு இப்படிப் போகும்போது மாத்திரை உள்ளே தங்குமான்னு யாரு கேரண்டி கொடுக்கிறது?" என்றார். நியாயம்.

குடலில் ஒரு புண் இருந்தது. அதிலிருந்து சதை எடுத்துப் பார்த்தார்கள். நானும் லேப்காரி என்று தெரிந்ததும் பெத்தாலஜி டாக்டர் அம்மா, மைக்ராஸ்கோப்பில் பார்க்க என்னைக் கூப்பிட்டார். சாதாரண செல்களுக்கு நடுவில் ஒன்று மட்டும் வீங்கி, நடுவில் கரும் உருண்டை, சுற்றி வெள்ளை வளையம். பாடப் புத்தகத்தில் ஆந்தைக் கண் என்பார்கள். எத்தனையோ பேருடையதைப் பார்த்திருக்கிறேன். இது என் தம்பியுடைய குடல் என்றதும் கண்ணை லென்சிலிருந்து எடுத்துவிட்டேன்.

ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. பி.சி.ஆர். முடிவும் வந்து சேர்ந்தது: வைரஸின் அளவு 4,200 ஐ.யு. வீட்டுக்கு அனுப்பினார்கள், இனி வால்கான்சிக்ளோவிர் மாத்திரை.

மருந்துக் கடையில் கத்தரியால் பட்டையை வெட்டி, பத்து நாளைக்கு வேண்டியதை மட்டும் கொடுத்தார் கடைக்கார அண்ணன். இந்த ஒரு சேவைக்கே அவருக்குப் பொன்னாடை போர்த்தலாம். ஒரு மாத்திரை விலையில் மெஸ்ஸில் இரண்டு பேர் வயிறாரச் சாப்பிடலாம். இந்த அளவுக்காவது இறங்கியதற்குப் பின்னால் சென்னைக் கதை ஒன்று இருக்கிறது. 2007இல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் இந்த மருந்துக்கு ரோஷ் நிறுவனத்துக்குக் காப்புரிமை கொடுத்தது. எதிர்த்துக் கிளம்பியவர்களில் முன்னால் நின்றது எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களின் அமைப்புகள். அவர்களுக்கு சி.எம்.வி. கண்ணைப் பறிக்கும் நோய். விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. இந்திய மருந்து நிறுவனமான சிப்லா இடையிலேயே தன் மாத்திரையைக் குறைந்த விலைக்கு இறக்கியது. 2010இல் அந்தக் காப்புரிமையே ரத்தானது. கடைக்கார அண்ணனிடம் இதைச் சொன்னேன். "அப்படியா" என்று அடுத்த ஆளுக்குப் பாராசிட்டமால் எடுக்கப் போய்விட்டார்.

வீட்டில் வேறு கூத்து. மாத்திரை பெரிதாக இருக்கிறதே, பிள்ளை முழுங்கச் சிரமப்படுகிறானே என்று அம்மா அதைக் காய் நறுக்கும் பலகையில் வைத்துக் கத்தியால் இரண்டாக்கிக்கொண்டிருந்தாள். நான் போட்ட சத்தத்தில் கத்தியைக் கீழே போட்டுவிட்டாள். இந்த மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. கருவைப் பாதிக்கக்கூடிய மருந்து, தூள் கையில் படுவதே ஆகாது. சாப்பாட்டோடு முழுசாக விழுங்க வேண்டும். இதையெல்லாம் மருத்துவமனையில் யாரும் அவளிடம் சொல்லவில்லை. பெட்டிக்குள் இருந்த தாளில் இருக்கிறது, ஆங்கிலத்தில், எறும்பு அளவு எழுத்தில். கோ-ஆர்டினேட்டரிடம் சொன்னேன், தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால் தானே அச்சடித்துக் கொடுப்பதாகச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த வாரப் பரிசோதனைதான் உச்சம். நான் ஸ்ரீரங்கத்துக்குப் போயிருந்த நேரம், விலை குறைவு என்று மச்சினன் ஒருவர் வேறு லேபில் கொடுத்துவிட்டார். முடிவு 9,000. வீடே இடிந்து உட்கார்ந்திருந்தது. அம்மா சமயபுரத்துக்கு வேண்டிக்கொண்டுவிட்டாள். தம்பி, "அக்கா, மருந்து கேக்கலையா?" என்றான், குரல் உள்ளே போயிருந்தது.

ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன். முதல் லேப் கொடுத்தது ஐ.யு. கணக்கு. இரண்டாவது, காப்பி கணக்கு, அதாவது வைரஸின் நகல்களை எண்ணுவது. முதலாவது பிளாஸ்மாவில் பார்த்தது, இது முழு ரத்தத்தில். புடவையை முழத்தில் ஒரு கடையிலும் மீட்டரில் ஒரு கடையிலும் அளந்துவிட்டு நீளம் கூடிவிட்டது என்று அழுதால் எப்படி? ஒவ்வொரு லேபும் ஒவ்வொரு எண் சொன்னதால்தான் 2010இல் உலக சுகாதார நிறுவனம் ஐ.யு. என்ற பொது அளவைக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகும் ஒரே லேபில், ஒரே முறையில் பார்த்தால்தான் ஏற்ற இறக்கம் புரியும். அதிலும் மூன்று மடங்குக்குக் குறைவான வித்தியாசத்தை மாற்றமாகவே எடுத்துக்கொள்ளக் கூடாது. மறுநாள் பழைய லேபிலேயே கொடுத்தோம். 600 ஐ.யு. அம்மா நேர்ந்துகொண்டதை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

சிறுநீரகம் தேறி, அதன் வேலையைக் காட்டும் ரத்த அளவான கிரியாட்டினின் 1.6லிருந்து 1.2க்கு இறங்கியதும் டாக்டர் மாத்திரையை வேளைக்கு ஒன்றிலிருந்து இரண்டாக்கினார். "நல்லாயிட்டு வரும்போது ஏங்க்கா மருந்தக் கூட்டுறாங்க?" மருந்தை வெளியேற்றுவது சிறுநீரகம்தான். அது நன்றாக வேலை செய்தால் அளவும் கூட வேண்டும். குறைந்த அளவில் இழுத்துக்கொண்டு போனால் வைரஸ் மருந்துக்குப் பழகிவிடும். பழகிய வைரஸுக்கு மாரிபாவிர் என்று ஒரு மருந்து 2021இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றிருக்கிறது. கடைக்கார அண்ணன் அந்தப் பெயரைக் கேட்டதே இல்லை என்றார். அந்த நிலைக்குப் போகாமல் இருப்பதுதான் புத்திசாலித்தனம்.

மூன்றாவது வாரம் வெள்ளையணு 1,900. இது வைரஸ் செய்கிற வேலை மட்டுமில்லை, இந்த மாத்திரையின் வேலையும்கூட. 2023இல் சிறுநீரக மாற்று நோயாளிகளிடம் லெட்டர்மோவிர் என்ற இன்னொரு தடுப்பு மருந்தை இதனோடு ஒப்பிட்டார்கள். நோயைத் தடுப்பதில் இரண்டும் ஒன்றுதான்: 10.4 சதவீதம், 11.8 சதவீதம். வெள்ளையணு குறைந்ததோ அதில் 26, இதில் 64 சதவீதம் பேருக்கு. ஆனால் அந்த ஆய்வு, அதுவரை வைரஸே இல்லாமல் இருந்து, வைரஸ் உள்ளவரின் சிறுநீரகத்தைப் பெற்றவர்களைப் பற்றியது. 200 நாள் மாத்திரை 100 நாளைவிட மேல் என்று 2010இல் காட்டிய ஆய்வும் அப்படித்தான். நம்மூரில் வைரஸே இல்லாத பெரியவரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். அம்மாவுக்கும் இருந்தது, தம்பிக்கும் இருந்தது. எங்களைப் போன்ற வீடுகளுக்கு எத்தனை நாள், எந்த அளவு என்பதில் மருத்துவமனைக்கு மருத்துவமனை வழக்கம் வேறாக இருப்பது இதனால்தான். தடுப்பூசி வந்தால் தேவலை. மாடர்னாவின் தடுப்பூசி பெரிய சோதனையில் தேறவில்லை என்று 2025 அக்டோபரில் செய்தி வந்ததோடு அந்த ஆசையும் தள்ளிப் போனது.

டாக்டர் வைரஸ் மருந்தின் அளவில் கை வைக்கவில்லை. எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தான மைக்கோஃபினோலேட்டைப் பாதியாக்கி, வெள்ளையணு ஏற இரண்டு ஊசி போட்டார். ஏறியது.

கிளம்புவதற்கு முந்தின நாள் மறுபடி ரத்தம் எடுக்க அதே பையன் வந்தான். வண்டியிலிருந்து பெட்டியைத் தூக்கி வந்து, நான் கேட்பதற்கு முன்பே மூடியைத் திறந்து காட்டினான். உள்ளே ஐஸ். எங்கள் வீட்டைத்தான் முதல் வீடாக வைத்திருந்தான், அது ஒன்றுதான் கொஞ்சம் இடித்தது. மீதி வீடுகளை முடிக்கும்வரை குழாய் அவனோடுதானே சுற்றும். இந்த முறை நான் ஸ்கூட்டர் எடுக்கவில்லை.

துபாயில் அடுத்த விமானத்துக்குக் காத்திருந்தபோது தம்பியிடமிருந்து வாட்ஸப்பில் ரிப்போர்ட் படம் வந்தது. "அக்கா, கம்மியாயிருச்சு போல!" எண் பளிச்சென்று தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் இருந்த கட்டம் படத்தில் பாதி வெட்டுப்பட்டிருந்தது.

"யூனிட்டையும் சேத்து எடுடா" என்று பதில் போட்டுவிட்டு, காபி வாங்கப் போனேன்.