மடக்கு சைக்கிளும் சுருண்டுகொள்ளும் செயினும்: நாலு வருஷ அனுபவம்

சிங்கப்பூரில் பெடோக்கிலிருந்து மடக்கு சைக்கிளும் எம்ஆர்டி ரயிலுமாக வேலைக்குப் போய்வந்து நாலு வருஷமாகிறது. மடக்கினால் 120 x 70 x 40 சென்டிமீட்டருக்குள் அடங்கும் சைக்கிளைத்தான் ரயிலில் கொண்டுபோகலாம். என்னுடையது அடங்கும். 20 அங்குலச் சக்கரம், 8 கியர், எல்லாமே திருப்திதான். என்னைப் படுத்தியது செயின் மட்டும்.

மடக்கும்போது பெடல் கொஞ்சம் பின்னால் சுற்றிவிட்டால் போதும், செயின் முன் பல்சக்கரத்தை விட்டு நழுவிச் சுருண்டுவிடும். முதல் தடவை ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் பிடித்து இழுத்தேன். சுருள் இன்னும் இறுகி, ஒரு கண்ணியின் பக்கத் தகடு கோணிப்போனது. அந்தக் கண்ணி பல்சக்கரத்துக்கு வரும்போதெல்லாம் காலில் ‘டக்’கென்று ஓர் உதறல். புதுச் செயின்தான் போட வேண்டியிருந்தது.

பிறகுதான் விஷயம் புரிந்தது. கழற்றாத செயினில் நிஜமான முடிச்சு விழவே விழாது. நூல் சிக்கென்றால் நுனியைத் தேடுவோம். இதில் நுனியே இல்லை. தன்மேல் தானே குறுக்காக விழுந்த இடத்தைத்தான் தேட வேண்டும். பின்சக்கரத்தடியில் தொங்கும் கியர் கையை இடது கையால் முன்பக்கம் தள்ளிப் பிடித்தால் செயின் நன்றாகத் தொய்யும். குறுக்கே விழுந்த இடத்துக்குப் பக்கத்தில் சுருளை இரண்டு விரலால் பிடித்து மெல்லப் புரட்டுவேன். இறுகினால் எதிர்ப்பக்கம். சரியான பக்கம் திரும்பியதும் செயின் சட்டென்று கனம் விட்டுத் தொங்கும். அதை விரலே சொல்லிவிடும்.

கழுவுவதற்காக குயிக் லிங்க்கை, அதாவது செயினைப் பிரித்துச் சேர்க்கும் இணைப்புக் கண்ணியை, கழற்றிய செயின் வேறு கதை. அதற்கு நுனி உண்டு, வாளிக்குள் முடிச்சும் விழும். ஒரு நுனியை ஆணியில் மாட்டித் தொங்கவிட்டு மேலிருந்து கீழாக அவிழ்ப்பேன்.

ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் ஓட்டுபவர்கள் உப்புக்காற்றைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். துருப்பிடித்து விறைத்த கண்ணி, சுருண்ட வாக்கிலேயே நிற்கும், புரட்டினாலும் வழிவிடாது. கடலோரம் போய்வந்தால் அன்றைக்கே பழந்துணியால் துடைத்து, கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுகிறேன். மாதம் ஒரு தடவை அடிக்கோலும் வைத்துப் பார்ப்பேன். 24 கண்ணி சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். அதற்குமேல் 1/16 அங்குலம் நீண்டிருந்தால் செயினை மாற்றிவிடுவேன். இல்லாவிட்டால் பல்சக்கரமும் சேர்ந்து தேயும்.

போன வாரம் லிஃப்ட் வாசலில் பக்கத்து வீட்டுப் பையன் சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தான். “அங்கிள், செயின வெட்டணுமா?” என்றான். “வேணாம்பா, இங்க பிடி” என்று அவன் விரலையே சுருளில் வைத்துத் திருப்பச் சொன்னேன். இரண்டாவது திருப்பில் சுருள் அவிழ்ந்தது. கையெல்லாம் கறுப்பு மசகோடு பெடலைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தான்.