தொப்பூர் ஏற்றமும் குரூஸ் பட்டனும்: பெட்ரோல் கேம்பரோடு ஐந்து வருடம்

போன சனிக்கிழமை முன்பக்க பிரேக் டிஸ்க் இரண்டையும் மாற்றி, கூடவே கியர்பாக்ஸ் ஆயிலையும் மாற்றிக்கொண்டு வந்தேன். பெங்களூர் ஜே.சி. ரோட்டுப் பக்கம் இருக்கும் பழைய மெக்கானிக் ஒருவர், கழற்றிய டிஸ்க்கை வெயிலில் சாய்த்துக் காட்டினார். விளிம்பில் நகம் மாட்டும் அளவுக்குப் படி விழுந்திருந்தது. நடுவில் அங்கங்கே நீலம் பாய்ந்த திட்டுகள். "சூடு சார். மலை எறக்கத்துல மிதிச்சுக்கிட்டே வந்திருக்கீங்க" என்றார். பில் பதினெட்டாயிரத்துச் சொச்சம்.

அன்று சாயங்காலமே ஆபீஸ் தம்பி ஒருவர் போன் செய்தார். "அண்ணா, உங்க வண்டி மாதிரியே பெட்ரோல் ஆட்டோமேட்டிக் எடுத்துப் பின்னாடி கட்டில் போடலாம்னு இருக்கேன். குரூஸ் கண்ட்ரோல் வேணும்னா மேல் மாடலுக்குப் போகணும், ஒன்றரை லட்சம் அதிகம். மலையில உதவுமா?" என்று கேட்டார். குரூஸ் கண்ட்ரோல் என்றால், காலை எடுத்துவிட்டாலும் நாம் வைத்த வேகத்திலேயே வண்டியை ஓட வைக்கும் வசதி. மலையில் அது உதவுமா என்பது போனில் இரண்டு வார்த்தையில் சொல்லக்கூடிய விஷயமில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் வண்டி ஏழு சீட்டர். டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) இல்லாத பெட்ரோல் எஞ்சின், ஆறு கியர் ஆட்டோமேட்டிக். இதுவரை 71,000 கிலோமீட்டர். பின் வரிசைகளை மடக்கி, அல்சூரில் ஒரு ஆசாரியிடம் சொல்லி, கழற்றி மாட்டும் பலகைக் கட்டில் செய்து போட்டிருக்கிறேன். பாடியில் கை வைக்கவில்லை. ஆர்.சி. புத்தகத்தில் இருப்பதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு சொல்கிறது. அந்தத் தலைவலி வேண்டாம் என்றுதான் எல்லாமே நட்டு போல்ட்டோடு நிறுத்திக்கொண்டேன். கட்டில், நாற்பது லிட்டர் தண்ணீர் கேன், அடுப்பு, பாத்திரப் பெட்டி, தனி பேட்டரி, நாங்கள் நான்கு பேர் என்று எல்லாம் சேர்ந்தால் வண்டி தன் பலத்துக்குக் கிட்டத்தட்ட முழுச் சுமையோடுதான் ஓடுகிறது. டீசல் ஏன் எடுக்கவில்லை என்று எல்லோரும் கேட்பார்கள். வாரம் ஐந்து நாள் சில்க் போர்டு நெரிசலில் ஊர்ந்தால், பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வரும் டீசலில் இருக்கும் புகை வடிகட்டி அடைத்துக்கொள்ளும். அந்தப் பயம்தான்.

சமதரையில் இந்தக் குரூஸ் கண்ட்ரோலைக் குறை சொன்னால் பாவம். கிருஷ்ணகிரி தாண்டி ஆம்பூர், வேலூர் என்று போகும் சாலையில் 85-இல் வைத்துவிட்டுக் காலை எடுத்தால், வலது முழங்கால் வலி என்பதே இல்லை. என் மனைவி பின்னால் தூங்குகிறார் என்றால் வண்டி அவ்வளவு ஒரே சீராகப் போகிறது என்று அர்த்தம். லிட்டருக்குப் பதினொன்று கிடைக்கிறது, இந்த எடைக்கு நல்ல கணக்கு.

கதையே மாறுவது தொப்பூரில், தர்மபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே இருக்கும் மலைக் கணவாயில். சேலத்திலிருந்து திரும்பும்போது ஓமலூர், தீவட்டிப்பட்டி வரை ஒன்றும் தெரியாது. கணவாய் ஏற ஆரம்பித்ததும் 80-இல் வைத்த வேகம் 78, 76, 74 என்று சரியும். அதுவரை குரூஸ் அசையாமல் பார்த்துக்கொண்டிருக்கும். அப்புறம் திடீரென்று விழித்துக்கொண்டு ஆறாவது கியரிலிருந்து நான்குக்கு உதறும், அதுவும் பத்தாமல் மூன்றுக்கு. எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் ஆர்.பி.எம். முள் நான்காயிரத்தைத் தாண்டும், எஞ்சின் ஓலமிடும். வேகம் 81-ஐத் தொட்டதும் வேலை முடிந்ததென்று ஐந்தாவதுக்குப் போகும். ஐந்தாவதில் இழுக்காது. மறுபடி 76, மறுபடி உதறல். ஒரே ஏற்றத்தில் ஆறேழு முறை. ஒவ்வொரு உதறலுக்கும் பின்னால் பாத்திரப் பெட்டியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதும். கியர் மாறுவதை மீட்டரைப் பார்க்காமல் டம்ளர் சத்தத்திலேயே சொல்லிவிடுவேன், அந்த அளவுக்குப் பழகிவிட்டது. அம்மா ஒருமுறை நடுவிலேயே வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி உட்கார்ந்துவிட்டார். தலை சுற்றல்.

சர்வீஸ் சென்டரில் இதை மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் "ஆட்டோமேட்டிக்னா அப்படித்தான் சார், நார்மல்" என்ற ஒரே பதில். சாஃப்ட்வேர் அப்டேட் என்று ஒருமுறை அரை நாள் வைத்துக்கொண்டார்கள், ஒரு மாற்றமும் இல்லை. நியாயமாகச் சொன்னால், அவர்கள் சொன்னது பொய்யில்லை. ஆனால் ஏன் நார்மல் என்று ஒருவர்கூட உட்கார்ந்து விளக்கவில்லையே என்பதுதான் என் கோபம். விளக்கியிருந்தால் இந்த டிஸ்க் பில் எனக்கு வந்திருக்காது.

காரணம் எளிமையானது. என் வண்டியில் இருப்பது ரேடார் வைத்த புது வகை இல்லை, சாதாரணக் குரூஸ். அதற்குத் தெரிந்தது ஒரே விஷயம்: வைத்த வேகத்துக்கும் ஓடும் வேகத்துக்கும் உள்ள வித்தியாசம். முன்னால் மலை இருப்பது அதற்குத் தெரியாது. வேகம் விழுந்த பிறகுதான் எஞ்சினுக்குக் காற்று விடும் த்ராட்டிலைத் திறக்கும். டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சினுக்கோ இழுவை முழுதாகக் கிடைப்பது நான்காயிரம் ஆர்.பி.எம். பக்கம். டீசல் அந்த இழுவையை இரண்டாயிரத்திலேயே கொடுத்துவிடும், அதனால் கியர் மாறாமலே ஏறும். நம் காலாக இருந்தால் ஏற்றம் கண்ணில் பட்டதுமே கொஞ்சம் அழுத்தி, வேகத்தைச் சேர்த்துக்கொண்டு ஏறுவோம், உச்சி தெரிந்ததும் தளர்த்துவோம். குரூஸ் இரண்டையுமே தாமதமாகச் செய்கிறது.

உயரமும் சேர்ந்துகொள்ளும். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் சுமார் மூன்று சதவீத பலத்தை இழக்கும். மூவாயிரம் அடியில் இருக்கும் பெங்களூரிலேயே பத்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. ஏழாயிரத்துச் சொச்சம் அடியில் இருக்கும் ஊட்டியில் ஐந்தில் ஒரு பங்கு. அதே வண்டி சென்னையில் துள்ளுவதும் குன்னூர் தாண்டினால் சோர்வதும் இதனால்தான்.

இது என் வண்டியின் குணம் மட்டுமில்லை. இதை வாங்குவதற்கு முன்பே, 2019-இல், வேறொரு வண்டியில் இதையே பார்த்திருக்கிறேன். அமெரிக்காவில் டென்வரில் இருக்கும் மச்சான் வாடகைக்கு எடுத்த மோட்டார் ஹோமில் ஐ-70 சாலையில் மேற்கே போனோம். ஃபோர்டின் 6.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், பத்து சிலிண்டர். அங்கே ராக்கி மலையைக் கடக்கும் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை 11,000 அடிக்கு மேல் இருக்கிறது. அந்த உயரத்தில் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு காற்றோடு போய்விடும். மச்சான் குரூஸ் போட்டிருந்தார். எஞ்சின் இரண்டு முன் சீட்டுகளுக்கும் நடுவே ஒரு மூடிக்குக் கீழேதான் இருக்கிறது. அது அலற ஆரம்பித்ததும் என் இடது காலில் அனல் அடித்தது, பேசுவது காதில் விழவில்லை. அவர் குரூஸை அணைத்தார், கியர் தண்டின் நுனியில் இருந்த, சுமை இழுக்கும்போது தாழ்ந்த கியரில் பிடித்து வைக்கும் டோ-ஹால் பட்டனை அழுத்தினார். வண்டி தாழ்ந்த கியரைப் பிடித்துக்கொண்டு, லாரிகளோடு வலது ஓரத்தில், ஒரே ஸ்வரத்தில் ஏறியது. அதன் பிறகு ஒரு உதறல்கூட இல்லை. சுரங்கம் தாண்டி ஏழு சதவீத இறக்கம். பிரேக் போன லாரிகள் ஏறி நிற்பதற்கென்று சரளைக்கல் பாதையே போட்டு வைத்திருக்கிறார்கள். அந்த இறக்கத்திலும் அதே பட்டன் கியரைத் தாழ்த்தி வண்டியைப் பிடித்தது. மச்சான் பிரேக்கை விட்டு விட்டுத்தான் தொட்டார். என் வண்டியை வாங்கியபோது அந்தப் பயணம் எனக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

இறக்கம்தான் உண்மையான ஆபத்து. குரூஸ் ஏற்றத்தில் சத்தம் போடும், இறக்கத்தில் சும்மா இருந்துவிடும். சாதாரணக் குரூஸால் பிரேக் போட முடியாது. தொப்பூரில் சேலம் நோக்கி இறங்கும்போது 70 வைத்தால் வண்டி 85-க்குப் போகிறது, எந்த எச்சரிக்கையும் இல்லாமல். உடனே பிரேக் மிதிப்போம், குரூஸ் அணையும், மறுபடி வேகம் ஏறும், மறுபடி மிதிப்போம். முதல் இரண்டு வருடம் நான் இப்படித்தான் இறங்கினேன். நீலத் திட்டு அங்கிருந்து வந்ததுதான்.

அதை நிறுத்தியவர் என் தாய்மாமா. தர்மபுரிக்காரர், பெங்களூர் சேலம் ரூட்டில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் லோடு லாரி ஓட்டியவர். ஒரு பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இரட்டைப் பாலத்துக்கு முன்னால் நான் மூன்றாவது முறை பிரேக் மிதித்ததும், "மாப்ளே, அந்தக் குரூஸ அணைச்சுடு. ஏறுறப்ப எந்த கியரோ, எறங்குறப்பவும் அதே கியரு. லாரிக்கு மட்டுமில்ல, எல்லா வண்டிக்கும் அதான்" என்றார். ஆட்டோமேட்டிக்கில் அதெல்லாம் முடியாது மாமா என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனாலும் லீவரை, கியரை நாமே மாற்றிக்கொள்ளும் 'M' பக்கம் தள்ளி மூன்றாவதுக்குக் கொண்டுவந்தேன். ஆர்.பி.எம். மூவாயிரத்துக்கு ஏறியது, எஞ்சின் உறுமியது, வண்டி 60-இல் நின்றது. காலை பிரேக்கிலிருந்து முழுதாக எடுத்துவிட்டேன். வேகம் ஏறவே இல்லை. பின்னால் ஒரு டம்ளர்கூட ஆடவில்லை.

ஐந்து வருடத்தில் இந்த வண்டி எனக்குக் கொடுத்த பெரிய சந்தோஷம் அதுதான். பெட்ரோல் எஞ்சினில் காலை எடுத்ததும் த்ராட்டில் மூடிக்கொள்கிறது, உள்ளே காற்றை இழுக்க முடியாமல் எஞ்சினே வண்டியைப் பின்னால் பிடித்து இழுக்கிறது. தனியாக எக்ஸாஸ்ட் பிரேக் (புகைக் குழாயை அடைத்து எஞ்சினைப் பிடிக்கும் அமைப்பு) வைக்காத டீசலில் இந்தப் பிடி குறைவு. இன்னொன்றும் பார்த்தேன். அப்படி இறங்கும்போது மைலேஜ் காட்டும் மீட்டர் உச்சத்தில் போய் நின்றுவிடுகிறது. காரணம், காலை எடுத்துக் கியரில் இறங்கும்போது இன்றைய எஞ்சின்கள் இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோல் தெளிப்பதையே நிறுத்திவிடுகின்றன. சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் போட்டால் எஞ்சின் அணையாமல் ஓட எரிபொருள் வேண்டும், பிடியும் கிடையாது. மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் இறங்கி அதே கணவாயில் எத்தனை லாரிகள் முன்னால் போன கார்களை நசுக்கியிருக்கின்றன! உறுமல் சத்தத்துக்குப் பயப்படாதீர்கள். சிவப்புக் கோட்டுக்குக் கீழே இருக்கும்வரை எஞ்சினுக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை.

ஏறும்போதும் இப்போது அதையேதான் செய்கிறேன். தீவட்டிப்பட்டி தாண்டியதும் குரூஸை அணைத்துவிட்டு, நான்காவதில் பிடித்துக்கொண்டு, 60, 65-இல் லாரிகளுக்குப் பின்னால் பொறுமையாக ஏறுகிறேன். பண்ணாரியிலிருந்து திம்பம் போகும் 27 வளைவுக்கும் ஏற்காட்டின் 20 வளைவுக்கும் இரண்டாவது, மூன்றாவது கியர் போதும், அங்கே குரூஸைத் தொடவே கூடாது. இன்னொரு எச்சரிக்கை: ரெஸ்யூம் பட்டன். முன்பு வைத்த 90 அதன் நினைவில் இருக்கும். ஏற்றத்தில் லாரிக்குப் பின்னால் 40-இல் போகும்போது கை தவறி அதை அழுத்தினேன். வண்டி மூன்று கியர் கீழே விழுந்து முன்னால் பாய்ந்தது. லாரியின் பின்பலகையில் எழுதியிருந்த ஊர்ப்பெயர் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

மலையில் மைலேஜ் ஏழு. கட்டில் கச்சிதம், புகார் இல்லை. பலகை கிரீச்சிடுவதை ரப்பர் வாஷர் போட்டுச் சரிசெய்தாயிற்று. ஏ.சி. பிரமாதம்.

தம்பிக்குப் பதில் இதுதான். குரூஸுக்காக ஒன்றரை லட்சம் கொடுக்காதே. பெங்களூரிலிருந்து சுற்றுலா என்று கிளம்பினால் பெரும்பாலும் ஒரு மலை குறுக்கே வரும், அங்கே அது உனக்கு எதிரி. அந்தக் காசில் நல்ல டயரும், வருடம் ஒருமுறை பிரேக் ஆயில் மாற்றமும் போடு. நான் இன்னொரு முறை வாங்குவதானால் பெட்ரோல் எடுக்க மாட்டேன். இவ்வளவு சுமைக்கு டீசல்தான், வடிகட்டி அடைத்தாலும் சரி. தொப்பூர் இறக்கத்தில் மூன்றாவது கியரில் கிடைக்கும் அந்த உறுமலைப் பற்றி மேலே நான் எழுதிய ஒரு வார்த்தையையும் திரும்ப வாங்கவில்லை. ஆனாலும் என் முடிவு டீசல்தான்.

ஷோரூமில் டெஸ்ட் டிரைவ் என்று ரிங் ரோட்டில் இரண்டு சிக்னல் சுற்றிக் காட்டுவார்கள். அதை நம்பி முன்பணம் கட்டாதே. வருகிற ஞாயிறு காலை என் வண்டியையே எடுத்துக்கொண்டு நந்தி மலை போய்வா. வீட்டில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போ. தண்ணீர் கேனை நிரப்பி வைக்கிறேன், டம்ளர் பெட்டியும் பின்னாலேயே இருக்கட்டும்.