வெள்ளைக் கூரையா, சிவப்புக் கூரையா? இரண்டையும் ஒரே மாடியில் பார்த்த அனுபவம்

எங்கள் மொட்டை மாடி இரண்டு நிறத்தில் இருக்கிறது. படுக்கையறைக்கு மேலே உள்ள பாதி வெள்ளை, கூடத்துக்கு மேலே உள்ள பாதி செங்கல் சிவப்பு. திட்டம் போட்டுச் செய்த வேலை இல்லை. நீர்க்கசிவை நிறுத்த மாடி முழுக்க ஏற்கெனவே சிவப்புப் பூச்சு அடித்திருந்தோம். கோடையில் இரவு பன்னிரண்டு மணி வரை படுக்கையறையில் கண்ணை மூட முடியாமல் போனபோது, அந்த அறைக்கு மேலே மட்டும் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சை அடித்துப் பார்த்தோம். அப்படியே மூன்று கோடை ஓடிவிட்டது. கூரைக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று யாராவது கேட்டால் இந்த இரண்டு பாதிகளை வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தட்டையான கூரை என்றால் வெள்ளைதான். ஆனால் வருடம் ஒரு முறையாவது மாடியைக் கழுவ முடியும் என்றால் மட்டும்.

வெள்ளை சூட்டைக் குறைக்கும் என்பது தெரிந்த விஷயம். எவ்வளவு குறைக்கும் என்பதைத்தான் பலர் குறைத்து நினைக்கிறார்கள். மேகம் இல்லாத நாளின் உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் தளத்தின் மேல் சுமார் 1,000 வாட் விழுகிறது. புது வெள்ளைப் பூச்சு அதில் 80 சதவீதத்தைத் திருப்பிவிடும். செங்கல் சிவப்பு ஏறக்குறைய 30 சதவீதம், கறுப்பு வெறும் 5 சதவீதம். ஆக, வெள்ளை 200 வாட் வாங்கும் இடத்தில் சிவப்பு 700 வாட் வாங்குகிறது. அத்தனையும் வீட்டுக்குள் வராது. பாதிக்கு மேல் காற்றோடும் வானத்துக்கும் போய்விடலாம். மிச்சத்தைக் கான்கிரீட் உள்ளே வாங்கி வைத்துக்கொண்டு, நாம் படுக்கப் போகும் நேரத்தில் மெதுவாகக் கீழே விடுகிறது. பகலைவிட இரவில்தான் மேல்மாடி அறை வேகிறது என்று சொல்வது இதனால்தான்.

பிற்பகல் மூன்று மணிக்குக் காயப்போட்ட துணியை எடுக்க வெறுங்காலோடு போனால் வித்தியாசம் உடனே புரியும். சிவப்பில் இரண்டு எட்டுக்கு மேல் வைக்க முடியாது. கோட்டைத் தாண்டி வெள்ளைக்கு வந்துவிட்டால் நின்று நிதானமாகத் துணியை மடிக்கலாம். இரவு ஒன்பது மணிக்கு ஸ்டூலில் ஏறிக் கீழிருந்து கூரையைத் தொட்டும் பார்த்திருக்கிறேன். கூடத்தில் அது இஸ்திரி போட்டு வைத்த துணி மாதிரி இருக்கும். படுக்கையறையில் சுவரைத் தொட்ட மாதிரிதான் இருக்கும்.

கரண்ட் பில் எவ்வளவு குறைந்தது என்று கேட்டால் கொஞ்சம் தயங்குவேன். வெள்ளை அடித்த அதே வருடம் படுக்கையறை ஏசியையும் மாற்றினோம். குறைந்ததில் எது எதன் பங்கு என்று பிரித்துச் சொல்வது நேர்மையாக இருக்காது. முன்பெல்லாம் சாப்பிட்டு முடித்ததுமே ஏசியைப் போட்டுவிடுவோம், இப்போது படுக்கும்போது போட்டால் போதுமாக இருக்கிறது. ஏசி இல்லாமல் ஃபேன் மட்டும் ஓடும் அறைகளில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிதாகத் தெரியும், ஏனென்றால் அங்கே கூரையின் அனலைத்தான் ஃபேன் கீழே தள்ளுகிறது.

சரி, இப்போது பராமரிப்புக்கு வருகிறேன். என் கணக்கில் தேர்வை முடிவு செய்வது இதுதான்.

வெயிலை எவ்வளவு திருப்பும் என்று டப்பாவின் மேல் போட்டிருக்கும் எண் புதுப் பூச்சுக்கானது. கூரை அப்படியே இருக்காது. தூசி, புகைக்கரி, இலைக்கறை, பறவை எச்சம், மழைக்குப் பிறகு பாசி என்று எல்லாம் மேலே வந்து உட்காரும். 80 சதவீதத்துக்கு மேல் திருப்பிய வெள்ளை, சில வருடங்களில் 60 சதவீதத்துக்குப் பக்கமாக இறங்கிவிடுவது சகஜம். இறக்கத்தின் பெரும்பகுதி முதல் ஒன்றிரண்டு வருடத்திலேயே நடந்துவிடும். சிவப்புக்கு இந்தக் கவலை கிடையாது. அது அழுக்கானாலும் வெயிலை வாங்கும் அளவில் பெரிய மாற்றம் இருக்காது, கறையும் கண்ணுக்குத் தெரியாது. அமெரிக்காவில் கூல் ரூஃப் ரேட்டிங் கவுன்சில் என்ற அமைப்பு கூரைப் பொருள்களை மூன்று வருடம் வெயிலிலும் மழையிலும் போட்டுவைத்து மறுபடி அளக்கிறது. பூச்சு வாங்கும்போது அப்படி வயதான பிறகு எடுத்த அளவு இருக்கிறதா என்று கேளுங்கள். புதிதில் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் நாள்பட நிற்கும் பூச்சுதான் நல்லது.

எங்கள் மாடியில் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழியும் குழாய்க்குக் கீழே, ஒரு பாய் அகலத்துக்கு, இரண்டாம் வருடம் பாசி பிடித்துக் கருத்துப்போனது. ஒரு நாள் மதியம் அந்த இடத்தில் கால் வைத்தபோது சிவப்பில் வைத்த மாதிரியே சுட்டது. சுற்றியிருந்த வெள்ளையும் பழுப்பேறியிருந்தது. பார்க்க மோசமில்லை, ஆனால் முதல் வருடத்துக் குளிர்ச்சி இல்லை. நைலான் பிரஷும் சோப்புத் தண்ணீரும் எடுத்து ஒரு சதுரத்தை மட்டும் தேய்த்துக் கழுவினேன். காய்ந்ததும் அந்தச் சதுரம் கண் கூசும் வெள்ளையாக வந்தது. மறுநாள் மதியம் அதில் நின்று பார்த்தேன், சுடவில்லை. பூச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதன் மேல் படிந்த மெல்லிய அழுக்குத்தான் வெயிலை வாங்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்து கோடை தொடங்குமுன் ஒரு முறை முழுக்கக் கழுவுகிறோம். இரண்டு பேருக்கு அரை நாள் வேலை. வழிகிற தண்ணீரைக் குழாய் வைத்து வடிகாலுக்குத் திருப்பிவிட்டோம். கம்பி பிரஷைத் தொடவே கூடாது, பூச்சு உரிந்துவிடும். தண்ணீர் தேங்கும் பள்ளங்களைப் பூச்சு அடிக்கும் முன்பே சரி செய்யுங்கள். அழுக்கு முதலில் சேருவது அங்கேதான், பூச்சு உரியத் தொடங்குவதும் அங்கேதான்.

மாடிக்கு ஏற முடியாதவர்கள், தண்ணீருக்குத் தட்டுப்பாடு உள்ளவர்கள், பக்கத்திலேயே புகையும் தூசியும் கிளம்பும் இடத்தில் இருப்பவர்கள் வெள்ளையிடம் இவ்வளவு எதிர்பார்க்க வேண்டாம். அப்போதும் அழுக்கு வெள்ளை சிவப்பைவிட இரண்டு மடங்கு வெயிலைத் திருப்பும், ஆனால் அடித்த வருடத்து சுகம் இருக்காது.

வெள்ளைக்கு இன்னொரு லாபமும் உண்டு. பத்து மீட்டர் நீளக் கான்கிரீட் தளம் 30 டிகிரி சூடேறினால் சுமார் 3 மில்லிமீட்டர் நீளும், இரவில் திரும்பச் சுருங்கும். தினம் தினம் இப்படி நீண்டு சுருங்குவதுதான் மயிரிழை விரிசல்களை உண்டாக்கும் காரணங்களில் ஒன்று. எங்கள் சிவப்புப் பாதியில், கைப்பிடிச் சுவரை ஒட்டி விரிசல் மறுபடி வந்திருக்கிறது. வெள்ளையில் இன்னும் இல்லை. பூச்சின் வயதும் இதற்குக் காரணமாக இருக்கலாம்.

தோற்றத்தைப் பொறுத்தவரை, தட்டையான கூரை தெருவிலிருந்து தெரியவே தெரியாது. அதற்காகச் சிவப்பைத் தேர்ந்தெடுப்பதில் அர்த்தமில்லை. மேலே மாடி கட்டிய பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான் அது தெரியும், அவருக்கு வெள்ளையால் வரும் கண்கூச்சம் உண்மையான தொல்லை. எங்களிடமும் சொன்னார்கள், அதில் நியாயம் இருக்கிறது.

சரிவான ஓட்டுக் கூரை வேறு கதை. அங்கே வீட்டின் முகமே கூரைதான், சிவப்பு ஓட்டின் அழகை வெள்ளை தராது. அப்படிப்பட்ட வீட்டில் நான் இருந்ததில்லை, அதனால் உறுதியாகச் சிபாரிசு செய்ய மாட்டேன். வெயிலின் ஆற்றலில் பாதிக்கு மேல் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்தான். அதை மட்டும் திருப்பும் நிறமிகள் சேர்த்த அடர் நிறப் பூச்சுகள் கிடைக்கின்றன. சாதாரண அடர் நிறத்தைவிட அவை நல்லவை, வெள்ளைக்கு ஈடாகாது. பூச்சில்லாத பளபளக்கும் தகரத்தைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். வெயிலைத் திருப்பினாலும், ஏறிய சூட்டை வெளியே விடத் தெரியாத பொருள் அது.

வருடத்தின் பெரும்பகுதி வீட்டைச் சூடாக்கவே செலவு செய்யும் குளிர்ப் பிரதேசங்களில் அடர் நிறமே பொருத்தம். கூரைக்குக் கீழே ஏற்கெனவே தடிமனான வெப்பத்தடுப்பு இருந்தால் நிறத்தால் வரும் லாபம் எங்கும் சுருங்கிவிடும்.

எங்கள் சிவப்புப் பாதிக்கு மழை நின்று தளம் நன்றாகக் காய்ந்ததும் வேலை ஆரம்பம். முதலில் விரிசல்களைக் கீறி அடைக்க வேண்டும், அப்புறம் பிரைமர், அதன் மேல் இரண்டு கோட் வெள்ளை. பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்த ஓரத்துக்கு மட்டும் லேசான கிரீம் நிறம் என்று அவர்களோடு பேசி முடிவு செய்திருக்கிறோம்.