மடகாஸ்கர் செப்டேரியன் கல்: உருண்டையை விட அரைக்கல் மேல்

செப்டேரியன் என்பது உள்ளே வெடித்து, அந்த விரிசல்களில் கனிமம் நிரம்பிய சேற்றுக்கட்டி. இணையக் கடைகளில் 'டிராகன் கல்' என்று விற்பது பெரும்பாலும் மடகாஸ்கர் சரக்கு. மெருகிட்ட உருண்டையாகவும், புறத்தோலை விட்டுவைத்து நடுவே அறுத்த அரைக்கல்லாகவும் கிடைக்கிறது. ஷோகேஸுக்கு உருண்டை போதும். கல் உருவான விதத்தைப் பார்க்க ஆசையென்றால் அரைக்கல்தான்.

காரணம் விரிசல்கள். கடலடிச் சேற்றில் புதைந்த உயிர்ப்பொருளைப் பாக்டீரியாக்கள் சிதைக்கும்போது பைகார்பனேட் உண்டாகிறது. அது சேற்று நீரிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து கால்சைட் என்ற கனிமமாகப் படிந்து, துகள்களின் இடைவெளியை அடைத்து, சேற்றைக் கட்டியாக இறுக்கிவிடும். அறுத்த முகத்தில் தெரியும் சாம்பல் பகுதி அதுதான். பிறகு உட்புறம் வெடிக்கிறது. விரிசல் நடுவில் அகன்றும் ஓரத்தில் ஊசிபோலக் குறுகியும் இருக்கும். பெரும்பாலும் தோலை எட்டுமுன் நின்றுவிடும். வயலில் காயும் களிமண்ணில் இதற்கு நேர்மாறு: மேலே அகலம், உள்ளே குறுகல். விரிசலில் புகுந்த நீர் முதலில் சுவரோரம் பழுப்புப் படலத்தையும், அப்புறம் மஞ்சள் கால்சைட்டையும் படியவிட்டது. உருண்டையாகக் கடைந்தால் தோல் போய்விடும். எது நடு, எது ஓரம் என்று கண்டுபிடிக்க முடியாது.

கூட வரும் அட்டையில் 'எரிமலையில் பிறந்தது' என்று இருந்தால் நம்பாதீர்கள். இது படிவுப் பாறைக்குள் மெல்ல வளர்வது. நியூசிலாந்தின் மொராக்கி கடற்கரையில் கிடக்கும், இதே வகையைச் சேர்ந்த சுமார் 2 மீட்டர் கட்டிகள் வளர 40 முதல் 55 லட்சம் ஆண்டுகள் பிடித்திருக்கும் என்பது கணிப்பு.

போலியை எடையே காட்டிக்கொடுக்கும். 8 செ.மீ. உருண்டை சுமார் 700 கிராம் இருக்க வேண்டும். நடுவில் குழி இருந்தால் சற்றுக் குறையும். ரெசின் வார்ப்பு 300 கிராமைச் சுற்றியே நிற்கும். அரைக்கல்லானால் மெருகில்லாத பின்புறத்தைச் சுரண்டி, அந்தத் தூளில் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள், நுரைக்கும். மெருகிட்ட முகத்தில் விட்டால் பளபளப்பு போய்விடும். எலுமிச்சை, பாத்ரூம் ஆசிட் எல்லாம் அதே கேடுதான். ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

மஞ்சள் நரம்புதான் பலவீனமான இடம். கால்சைட் மூன்று திசைகளில் வழுவழுப்பாகப் பிளக்கும், 10 வரை போகும் மோஸ் அளவுகோலில் கடினம் 3 மட்டுமே. கீழே விழுந்தால் அங்கேதான் உடையும். சில கடைகளில் குழிகளை ரெசினால் அடைத்திருப்பார்கள். அதனால் வாங்குமுன் சாய்ந்த வெளிச்சத்தில் எடுத்த படம் கேளுங்கள். அடைத்த இடத்தின் மினுமினுப்பு தனியாகத் தெரியும்.

மீன்தொட்டியில் போட நினைப்பவர்களுக்கு: இது நீரின் கடினத்தன்மையை ஏற்றும். மென்னீர் மீனான நியான் டெட்ராவுக்கு ஆகாது. கடினநீர் மீனான மலாவி சிக்லிட்டுக்குப் பொருந்தும்.